பணமுதலையும் தரை அட்டையும்

பேராசையைச் சுட்ட விலங்குப் பெயரை ஆளும் வழக்கம் பல மொழிகளில் உண்டு. ஆனால் எந்த விலங்கு எந்தக் குற்றத்தைச் சுட்டும் என்பது மொழிக்கு மொழி வேறுபடும். ஆங்கிலம் பன்றியின் பெயரோடு ஈறு சேர்த்துப் ‘பிக்கிஷ்’ என்னும் பெயரடையை ஆக்கிக்கொண்டது. பெருந்தீனியும் தன்னலமும் அதன் பொருள். அதனைப் ‘பன்றித்தனமான’ எனப் பெயர்த்தால் தமிழர் செவிக்கு அழுக்கே முதலில் தோன்றும்.

தமிழில் ‘தனம்’ என்னும் ஈறு நரித்தனம், குரங்குத்தனம் எனச் சூழ்ச்சியையும் சேட்டையையும் உணர்த்தும். பேராசைக்கோ நாம் தொகைச்சொல்லை நாடுகிறோம்: பணமுதலை, பணத்திமிங்கிலம். இங்கு விரும்பப்படும் பொருள் அடையாக முன்னிற்க, விலங்கு தலைச்சொல்லாகிறது. முதலீட்டைக் குறிக்கும் ‘முதல்’ என்னும் சொல்லின் ஒலியும் பணமுதலையில் கலந்து ஏளனத்தைக் கூர்மையாக்குகிறது. எனினும் இரண்டும் ஒரே வேரின அல்ல. கன்னடத்தின் ‘மொசளெ’, தெலுங்கின் ‘மொசலி’ ஆகியவையே முதலைக்கு உறவுச் சொற்கள். திருக்குறளின் 495ஆம் குறளிலும் முதலை பேராசைக்கன்று, இடத்தால் வரும் வலிமைக்கே எடுத்துக்காட்டாகிறது.

பினாங்கு மாணவர் தமிழோடு மலாயும் பயில்பவர். மலாயில் ‘புவாயா டாராட்’ என்றால் சொல்லுக்குச் சொல் தரை முதலை, பொருளோ பெண்பித்தன். பணமுதலையை அவ்வாறு பெயர்த்தால், செல்வர் ஒருவர்மீது ஒழுக்கக்கேட்டுப் பழி விழும். பேராசைக்கு மலாய் தேர்ந்த உயிர் அட்டை: ‘லிந்தா டாராட்’, அதாவது தரை அட்டை, கடும் வட்டியால் பிறரை உறிஞ்சுபவர். அதனைக் ‘கடன் அட்டை’ எனத் தமிழாக்கினால் வங்கி தரும் அட்டையே நினைவுக்கு வரும். ‘கொடுவட்டிக்காரர்’ என்பதே தெளிவு.

சொல்லின் பொருளோடு அது யார்மீது ஏவப்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும். ஜார்ஜ்டவுனின் பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கி அமைத்து வட்டித்தொழில் நடத்தினர். மலேசியாவின் 1951ஆம் ஆண்டுக் கடன்கொடுப்போர் சட்டம் அத்தொழிலுக்கு உரிமத்தை வேண்டுகிறது. எனவே வட்டித்தொழில் செய்வோர் அனைவரும் அட்டைகள் அல்லர். விலங்குப் பெயர் ஒருவரின் செயலைச் சுட்டும்வரை கண்டனம். ஒரு தொழிலாரையோ சமூகத்தையோ சுட்டும்போது இழிமொழி.

ஆகவே வகுப்பறையில் ‘இவ்விலங்கின் பெயர் தமிழில் என்ன?’ என்று கேட்பதோடு நிற்கலாகாது. ‘இங்கு எக்குற்றம் சாட்டப்படுகிறது? யார்மீது?’ என்றும் கேட்போம். மொழிபெயர்ப்பு அவ்விடைகளிலிருந்தே தொடங்கட்டும்.