மின்சாரம் வந்தது, பில் பிரிண்டர் வரவில்லை

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, மாலைக் கூட்ட நேரத்தில் எங்கள் மளிகைக் கடையில் மின்சாரம் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பியது. கம்ப்யூட்டர் ஓடியது, விளக்கு எரிந்தது, பில் மட்டும் வரவில்லை. பிரிண்டரில் குறை ஏதும் தெரியவில்லை. துண்டுச் சீட்டில் கணக்கெழுதிச் சமாளித்தோம். எடுத்த சரக்கைக் கல்லா மேலேயே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. மறுநாள் வந்த மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் சரி செய்தார். "பிரிண்டருக்கு முகவரி மாறிப் போச்சு அண்ணாச்சி" என்றார்.

அது எப்படி மாறும் என்று விசாரித்ததில் தெரிந்துகொண்டதை உறுப்பினர்களுக்காக எழுதுகிறோம்.

கடையிலுள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமராப் பெட்டி, செல்போன் ஒவ்வொன்றுக்கும் 192.168.1.23 என்பது போல ஓர் எண் முகவரி வேண்டும். அதைத் தானாக வழங்கும் முறைக்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர். 1993-இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டு, 1997-இல் திருத்தம் பெற்ற விதிகளே இன்றும் அடிப்படை. சிறு கடைகளில் இந்த வேலையைச் செய்வது இன்டர்நெட் ரூட்டர்தான்.

வாரச் சந்தையில் குத்தகைதாரர் கடை போட இடம் ஒதுக்குவாரே, அதைப் போலத்தான். புதிதாக வந்த கருவி, "முகவரி தருபவர் யாராவது உண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கூவும். ரூட்டர், "இந்த எண் காலி" என்று சொல்லும். கருவி, "அதையே தாருங்கள்" என்று மறுபடியும் கூவும். ரூட்டர் "தந்தோம்" என்று உறுதி செய்யும். இரண்டாம் முறை ஏன் கூவ வேண்டும் என்று நாங்களும் கேட்டோம். இடம் தர இரண்டு பேர் முன்வந்திருந்தால், தன்னுடையது வேண்டாமென்று மற்றவருக்குத் தெரிய வேண்டாமா!

முகவரியோடு வேறு குறிப்புகளும் எண் போட்டு வரும். 3-ஆம் எண் குறிப்பு, வெளியுலகுக்குப் போகும் வாசல் எது என்று சொல்லும். 6-ஆம் எண், இணையப் பெயர்களுக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் கம்ப்யூட்டர் எது என்று காட்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் கடைக்குள் பில் அச்சாகும். ரூட்டர் வழியாக வங்கியை எட்ட வேண்டிய கார்டு மிஷின் மட்டும் திணறும். அப்போது பிரிண்டரைக் குடைவது வீண் வேலை.

51-ஆம் எண்தான் குத்தகைக் காலம். முகவரி சொந்தமல்ல, வாடகைக்கே. பாதிக் காலம் கழிந்ததும் கருவி தானே புதுப்பிக்கக் கேட்கும். ஆனால் பல ரூட்டர்கள் மின்சாரம் போனால் பழைய பேரேட்டை மறந்துவிடும். வந்தவருக்கு வந்தபடி எண் கொடுக்கும். எங்கள் பிரிண்டருக்குப் புது எண் கிடைத்தது. கம்ப்யூட்டரோ பழைய எண்ணுக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருந்தது.

பரிகாரம் சுலபம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், பிரிண்டரின் வன்பொருள் எண்ணைப் பதிந்து, இன்ன முகவரி இதற்கே என்று ஒதுக்கிவிடலாம். அல்லது பிரிண்டரிலேயே நிலையான முகவரி போடலாம். ஆனால் ரூட்டர் வழங்கும் வரிசைக்குள் போடக் கூடாது. ரூட்டர் 100 முதல் 199 வரை வழங்கினால், பிரிண்டருக்கு 50 இருக்கட்டும். இல்லையேல் ஒரே எண்ணை இருவருக்குத் தந்த வழக்காகிவிடும்.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கும் கடைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் நின்று போனவரின் செல்போனும் குத்தகைக் காலம் முழுக்க ஓர் எண்ணைப் பிடித்துவைக்கும். 24 மணி நேரக் குத்தகையும் 100 எண்களும் இருந்தால், நல்ல வியாபார நாளில் மாலைக்குள் எண்கள் தீர்ந்துவிடும். அங்கே ஒரு மணி நேரக் குத்தகை போதும். சிக்னல் போதவில்லையென்று இரண்டாவது ரூட்டர் வாங்கி மாட்டுவோர், அதில் முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு மாட்டவும். அந்த வேலைக்கு ஒரு ரூட்டர் போதும்.

எங்கள் பிரிண்டருக்கு இப்போது 192.168.1.50. அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். ரூட்டரையும் யு.பி.எஸ்.ஸோடு இணைத்தாயிற்று.