பழைய விசையுந்துகளின் இயக்கச் சங்கிலி

இயக்கச் சங்கிலி என்பது விசையுந்தின் பொறியில் உண்டாகும் முறுக்கு விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் உருளைச் சங்கிலி ஆகும். பேச்சு வழக்கில் இது செயின் என்றும், இது சுற்றிவரும் பற்சக்கரம் ஸ்பிராக்கெட் என்றும் வழங்கப்படுகின்றன. சங்கிலி தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே அமைந்த உறுப்பாகும். பழைய விசையுந்துகளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. புதிய சங்கிலி கடையில் எளிதாகக் கிடைக்கும். தேய்ந்த சங்கிலியால் கெட்டுப்போகும் பற்சக்கரமும், அறுந்த சங்கிலியால் உடையும் பொறியின் உறையும் அவ்வாறு எளிதில் கிடைப்பதில்லை. எனவே சங்கிலியை உரிய காலத்தில் மாற்றுவது பழைய வண்டியின் அரிய உறுப்புகளைக் காக்கும் வழியாகும்.

வரலாறு

இன்று பயன்படும் உருளைச் சங்கிலியின் அமைப்பை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருவாக்கினார். தொடக்க கால விசையுந்துகள் பலவற்றில் தோல் பட்டையே பின்சக்கரத்தைச் சுழற்றியது. மழையில் பட்டை வழுக்கியதால் சங்கிலி படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது.

தமிழ்நாட்டில் பழைய விசையுந்து என்றவுடன் பலரின் நினைவுக்கு வருவது ராயல் என்ஃபீல்டு புல்லட் ஆகும். இதனைத் தயாரிப்பதற்காக 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் ஆலையில் உருவான இவ்வண்டியின் பழைய வார்ப்பிரும்புப் பொறி, 2008க்குப் பின் படிப்படியாகப் புதிய பொறிக்கு இடம் கொடுத்தது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்த ஜாவா, யெஸ்டி வண்டிகளும் இன்றும் பலரால் பேணப்படுகின்றன. சங்கிலித் தயாரிப்பிலும் தமிழ்நாட்டுக்கு இடம் உண்டு. சென்னை அம்பத்தூரின் டி.ஐ. டயமண்ட் செயின், ரோலான் என்ற பெயரில் சங்கிலி விற்கும் கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் அறியப்பட்டவை.

அமைப்பு

சங்கிலியில் உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி அமைந்துள்ளன. வெளிக்கண்ணியின் இரு தகடுகளை ஊசிகள் இணைக்கின்றன. பட்டறைகளில் இவை பின் எனப்படும். உட்கண்ணியின் தகடுகளைக் குழல்கள் இணைக்கின்றன. இவை புஷ் எனப்படும். ஊசி குழலுக்குள் திரும்புகிறது. குழலின் மேல் சுழலும் உருளை, பற்சக்கரத்தின் பற்களுக்கிடையே அமர்கிறது. ஊசியின் மேற்பரப்பு மட்டும் மிகுந்த கடினமாக்கப்பட்டிருக்கும். இந்த மெல்லிய படலம் தேய்ந்துவிட்டால் அதன்பின் தேய்மானம் விரைவாகும்.

புல்லட் போன்ற வண்டிகளில் இரண்டு சங்கிலிகள் உள்ளன. பொறியிலிருந்து கிளட்சுக்குச் செல்லும் முதன்மைச் சங்கிலி மூடிய உறைக்குள் எண்ணெயில் ஓடுகிறது. புல்லட்டில் இது 3/8 அங்குல இடைத்தூரம் கொண்ட இரட்டை வரிசைச் சங்கிலி ஆகும். பல்லிணைப் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் பின்சங்கிலி வெளிக்காற்றில் ஓடுகிறது. மழை, மணல், உப்பு ஆகியவற்றுக்கு ஆளாவது பின்சங்கிலியே. ஜாவா, யெஸ்டி வண்டிகளில் பின்சங்கிலியும் முழுவதுமாக உறையிடப்பட்டிருக்கும்.

சங்கிலி நீள்வது ஏன்

பழைய சங்கிலி இழுபட்டு நீண்டுவிட்டது என்று கூறுவது வழக்கம். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஊசியும் குழலும் உராய்ந்து தேய்வதால் ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடைவெளி உண்டாகிறது. ஒரு மூட்டுக்கு ஏறத்தாழ 0.3 மி.மீ. தேய்ந்தால், 100 கண்ணிகள் கொண்ட சங்கிலி 30 மி.மீ. நீண்டுவிடும்.

நீண்ட சங்கிலியின் உருளைகள் பல்லின் அடியில் அமராமல் மேலேறி அமர்கின்றன. இதனால் பற்கள் கொக்கி போல் வளைந்து தேய்கின்றன. அத்தகைய பற்சக்கரத்தில் புதிய சங்கிலியைப் பூட்டினால் அதுவும் விரைவில் கெடும். பழைய புல்லட்டில் பின்பற்சக்கரம் பிரேக் டிரம்முடன் ஒரே வார்ப்பாக அமைந்துள்ளது. பற்கள் தேய்ந்தால் டிரம்மையும் சேர்த்து மாற்ற நேரிடும். முன்பற்சக்கரத்தை மாற்றுவதற்கு முதன்மைச் சங்கிலி உறையையும் கிளட்சையும் கழற்ற வேண்டும். சங்கிலி ஒன்றைச் சில மாதம் கூடுதலாக ஓட்டிச் சேமிக்கும் தொகையைவிட இதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.

தேர்வு செய்தல்

சங்கிலியின் அளவு பொதுவாக மூன்று இலக்க எண்ணால் குறிக்கப்படுகிறது. முதல் இலக்கம், அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையேயான தூரத்தை 1/8 அங்குலக் கணக்கில் தருகிறது. அடுத்த இரு இலக்கங்கள் உட்தகடுகளுக்கு இடையேயான அகலத்தைச் சுட்டுகின்றன.

428: இடைத்தூரம் 12.70 மி.மீ., உள்ளகலம் 7.94 மி.மீ.
520: இடைத்தூரம் 15.875 மி.மீ., உள்ளகலம் 6.35 மி.மீ.
525: இடைத்தூரம் 15.875 மி.மீ., உள்ளகலம் 7.94 மி.மீ.
530: இடைத்தூரம் 15.875 மி.மீ., உள்ளகலம் 9.53 மி.மீ.

இடைத்தூரம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரு சங்கிலிகள் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடா. 530க்கான அகலப் பல்லில் 520 சங்கிலி அமராது. 520க்கான ஒடுங்கிய பல்லில் 530 சங்கிலி பக்கவாட்டில் அசையும். பல கைகள் மாறிய பழைய வண்டியில் முன்னைய உரிமையாளர் பற்சக்கரத்தையே மாற்றியிருக்கலாம். ஆகவே கையேட்டைப் பார்ப்பதுடன் பல்லின் தடிமனையும் அளந்து பார்த்து வாங்குதல் நன்று.

கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையாயின் வளைந்த அரைக்கண்ணி ஒன்றைச் சேர்க்க நேரிடும்; அது சங்கிலியின் வலிமையைக் குறைக்கும். பற்களின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. 96 கண்ணிகள் உள்ள சங்கிலி 16 பல் சக்கரத்தில் ஓடினால், ஒவ்வொரு கண்ணியும் எப்போதும் ஒரே பல்லையே சந்திக்கும். 17 பல்லாயின் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவும்.

ஊசிக்கும் குழலுக்கும் இடையே கிரீசை அடைத்து ரப்பர் வளையங்களால் மூடிய சங்கிலிகள் 1970களில் பரவலாயின. இவை நெடுநாள் உழைப்பவை. ஆனால் வெளியகலம் மிகுந்தவை ஆதலால் பழைய வண்டியின் சங்கிலி உறையிலோ பொறியின் உறையிலோ உரசக்கூடும். வாங்குமுன் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். முழு உறை கொண்ட வண்டிக்குச் சாதாரணச் சங்கிலியே போதுமானது.

பொருத்துதலும் இறுக்கமும்

பழைய சங்கிலிகள் பெரும்பாலும் பூட்டுக்கண்ணியால் இணைக்கப்படுகின்றன. இதன் வில்தகட்டின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏதேனும் ஒன்றில் பட்டு வில்தகடு கழன்றுவிடலாம். ஓடும்போது அறுந்த சங்கிலி முன்பற்சக்கரத்தில் சுருண்டு பொறியின் உறையை உடைக்கவும், பின்சக்கரத்தைப் பூட்டி ஓட்டுநரை வீழ்த்தவும் கூடும்.

பின்சங்கிலியின் கீழ்ப்பகுதி நடுவில் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் அசைய வேண்டும். சரியான அளவு வண்டிக்குரிய கையேட்டில் இருக்கும். சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. எனவே சக்கரத்தை மெல்லச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்திலேயே அளக்க வேண்டும். பின்னால் தொங்கல் அமைப்பு உள்ள வண்டியில் ஆள் அமர்ந்தால் சங்கிலி மேலும் இறுகும் என்பதையும் கருத வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பல்லிணைப் பெட்டியின் பேரிங் கெடும்.

புல்லட்டில் அச்சின் இருபுறமும் நத்தை வடிவத் தகடுகள் உள்ளன. இரண்டையும் ஒரே எண்ணிக்கையிலான பள்ளங்களுக்குத் திருப்பினால் சக்கரம் நேராக நிற்கும். தகடுகள் தேய்ந்திருக்கக்கூடும் என்பதால் நீளமான சட்டத்தையோ நூலையோ வைத்து நேர்பார்ப்பது நல்லது. சக்கரம் பின்னுக்கு நகரும்போது பிரேக் கம்பியும் இறுகுவதால், அதையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

பல்லிணைப் பெட்டி தனியாக அமைந்த பழைய பி.எஸ்.ஏ., ஏ.ஜே.எஸ். போன்ற வண்டிகளில், பெட்டியை நகர்த்தியே முதன்மைச் சங்கிலி இறுக்கப்படுகிறது. அப்போது பின்சங்கிலியின் இறுக்கமும் மாறும். ஆதலால் முதலில் முதன்மைச் சங்கிலி, பின்னர் பின்சங்கிலி என்ற வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். புல்லட்டில் பெட்டி நகர்வதில்லை; உறைக்குள் உள்ள சறுக்குத் தகடே முதன்மைச் சங்கிலியை இறுக்குகிறது.

கடற்கரைப் பகுதிகளில் பராமரிப்பு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர மீனவர் ஊர்களில் சங்கிலிக்கு இரு பகைகள் உள்ளன. ஒன்று உப்பு, மற்றொன்று மணல்.

கடற்காற்றில் வரும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்வதால், மழையில்லா நாளிலும் சங்கிலி நனைந்தே இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. துரு ஊசிக்கும் குழலுக்கும் இடையே நுழைந்தால் கண்ணி மடங்காமல் விறைத்துவிடும். உதிரும் துருத்தூள் தானே அரத்தூள் போல் செயற்பட்டு மேலும் தேய்க்கிறது. மணலிலுள்ள குவார்ட்சும் எஃகைக் கீறக்கூடியது. ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட பழைய வண்டியில் எண்ணெய் புதுப்பிக்கப்படாததால், ஓடும் வண்டியைக் காட்டிலும் சங்கிலி விரைவாகத் துருப்பிடிக்கலாம்.

இப்பகுதியில் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அக்காலத்திலும், கடற்கரைச் சாலையில் ஓட்டிய பின்னரும் கீழ்க்காணும் முறை பயன்தரும்.

1. பொறியை நிறுத்தி, வண்டியை நடுத்தாங்கியில் ஏற்ற வேண்டும். பொறி ஓடும்போது சங்கிலியைத் துடைப்பது விரலைத் துண்டித்துவிடும்.
2. உப்பை நன்னீரால் கழுவ வேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது என்பதால், கழுவாமல் எண்ணெய் இட்டால் உப்பு உள்ளேயே தங்கும்.
3. அழுக்கை மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் கொண்டு நீக்க வேண்டும். ரப்பர் வளையச் சங்கிலிக்குப் பெட்ரோலும் கம்பித் தூரிகையும் ஆகா.
4. நன்கு உலர்ந்தபின், கீழ்ப்பகுதியின் உட்புறமாக, தகடுகளின் இடுக்குகளில் 90 எண் கியர் எண்ணெய் இட வேண்டும். ஓட்டி வந்தபின் இடுவது சிறந்தது. சூட்டில் எண்ணெய் உள்ளே இறங்கும்.
5. மிகுதியான எண்ணெயைத் துடைக்க வேண்டும். இல்லையெனில் மணல் ஒட்டும்.

பொறியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இடும் வழக்கம் பரவலாக உள்ளது. அதில் கரியும் உலோகத்தூளும் இருப்பதால் அது தவிர்க்கத்தக்கது. துருவைப் போக்க அமிலம் பயன்படுத்துவதும் ஆபத்தானது. கடினப்படுத்தப்பட்ட எஃகு அமிலத்தில் நொறுங்கும் தன்மை பெற்று, பின்னர் ஓட்டத்தில் வெடிக்கலாம். சங்கிலியைக் கழற்றி, உருக்கிய கிரீசில் ஊறவைப்பது பழைய முறை ஆகும். இது பயன் தருவதாயினும், திறந்த அடுப்பின் மேல் செய்தால் தீப்பற்றும்.

மாற்ற வேண்டிய காலம்

சங்கிலியை இழுத்துப் பிடித்து 20 இடைத்தூரங்களை ஊசியின் மையத்திலிருந்து மையம் வரை அளக்க வேண்டும். 5/8 அங்குலச் சங்கிலியில் புதிதாக இருக்கும்போது இது 317.5 மி.மீ. ஆகும். கையேட்டில் வேறு வரம்பு தரப்படாதவிடத்து, 2 விழுக்காடு நீட்சி, அதாவது ஏறத்தாழ 324 மி.மீ., எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பின்பற்சக்கரத்தின் பின்புறத்தில் சங்கிலியை விரலால் இழுக்கும்போது பல்லின் பாதி தெரியுமாயின் அதுவும் மாற்றத்துக்கான அறிகுறியே. விறைத்த கண்ணி, விரிசலுற்ற தகடு, உடைந்த உருளை ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் அளவைப் பாராமல் மாற்ற வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் சிலர் தோற்றத்துக்காகச் சங்கிலி உறையை நீக்கிவிடுகின்றனர். இதனால் சேலை, வேட்டி, துப்பட்டா ஆகியவை சங்கிலியில் சிக்கும் ஆபத்து உண்டாகிறது. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கூறுகிறது.

இவ்விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவு முதல் 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாடற்ற வண்டிகள் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யப்படலாம். சட்டகத்திலோ பொறியிலோ பெருமாற்றம் இன்றி அவை மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அறுந்த சங்கிலியால் உடையும் பொறியுறை, வண்டியின் இம்மூல வடிவத்தையே குலைத்துவிடக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

ராயல் என்ஃபீல்டு புல்லட்
பற்சக்கரம்
உராய்வு
துருப்பிடித்தல்
காரைக்கால்