புது ஊருக்குப் பழைய பூட்ஸ்!

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறவர்கள், பயணத்துக்கு என்றே புது பூட்ஸ் வாங்குவது உண்டு. விமானம் ஏறும் நாளில்தான் அதைக் காலில் மாட்டுவார்கள்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது!

புது பூட்ஸ் குதிகாலைக் கடிக்கும். மறுநாள் கொப்புளம். மூன்றாம் நாள் மற்றவர்கள் ஊர் பார்க்கப் போவார்கள். இவர் ஓட்டல் அறையில் காலை நீட்டிப் படுத்திருப்பார். செலவழித்த பணமெல்லாம் வீண்!

எங்கும் நடைதான்

ஐரோப்பாவின் பழைய ஊர்களை நடந்துதான் பார்க்க வேண்டும். இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரின் பழைய பகுதியில் கார் ஓடாது. கால்வாய்களின் மேல் 400க்கும் அதிகமான பாலங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்க வேண்டும்.

ரோம் நகரில் பல தெருக்களில் சிறு சிறு கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். அவை மேடும் பள்ளமுமாக இருக்கும். மழை பெய்தால் வழுக்கும். குதி உயர்ந்த செருப்பு அங்கே ஆபத்து.

வாடிகனில் புனித பேதுரு பேராலயத்தின் பெரிய கோபுர உச்சிக்கு 551 படிகள். பாதி வழி லிப்டில் போனாலும், மீதி 320 படிகளைக் கால்தான் ஏற வேண்டும்!

வாங்குவது எப்படி?

பூட்சை மாலையில் வாங்குவது நல்லது. பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் பூட்ஸ் மாலையில் இறுக்கும்.

காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரல்களை அசைக்க இடம் வேண்டும். குதிகால் நழுவக்கூடாது. அடிப்பாகம் வழுக்காத ரப்பராக இருக்கட்டும். புறப்படுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தினமும் அதைப் போட்டு நடந்து பழக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களில் சிலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். பூட்ஸ் கடித்தாலும் தெரியாது. சிறு புண் முற்றிக் காலுக்கே ஆபத்தாகலாம். தினமும் இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

ஒரு கோட்டு போதுமா?

சுவிட்சர்லாந்தில் யுங்பிராவ் மலைக்கு ரெயில் போகிறது. அந்த ரெயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் அடிவாரத்தில் மெல்லிய சட்டையோடு நிற்கலாம். மேலே போனால் எங்கும் பனி!

இதற்கு ஒரே ஒரு கனத்த கோட்டு உதவாது. பனியன், சட்டை, கம்பளி சுவெட்டர், அதன் மேல் மழையும் காற்றும் புகாத மேல்சட்டை என்று அடுக்காக அணிய வேண்டும். குளிர்ந்தால் ஒன்றைப் போடலாம். வெயில் அடித்தால் ஒன்றைக் கழற்றலாம். பருத்தித் துணி நனைந்தால் குளிரும். கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு சூடு தரும்.

பையில் ஒரு சால்வையும் வைத்துக்கொள்வது நல்லது. புனித பேதுரு பேராலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டையோடு போனவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

புது உடையில் எடுத்த படம் அழகாக இருக்கலாம். ஆனால் ஊரைச் சுற்றிக் காட்டுவது கால்தான். பழகிய பூட்ஸ் இருந்தால் பயணம் இனிக்கும்!