உங்களுக்குத் தெரியுமா? ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும்!

உடலில் எந்தச் செல்லும் நினைத்த நேரத்தில் இரண்டாகப் பிரிய முடியாது. ஆர்பி என்ற புரதம் தக்க நேரம் வரும்வரை அதைப் பிடித்து வைக்கும். டிஎன்ஏ பழுதானால் பி53 என்ற புரதம் பிரிதலை நிறுத்தும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இந்த இரண்டு காவலையும் உடைக்கிறது. அதன் இ6 புரதம் பி53-ஐ அழிக்க, இ7 புரதம் ஆர்பியை முடக்குகிறது. பழுதான செல்களும் பெருகத் தொடங்கும். ஆனால் அவை புற்றாக முற்றப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். எவ்வளவு பெரிய அவகாசம்!

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வு அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக் காட்டியது. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, பழுதான செல்கள் இருக்கக்கூடிய, வெளுக்கும் இடத்தைச் செவிலியர்கள் கண்டுபிடித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

மல்லசமுத்திரம் பக்கத்துப் பெண்களே, 30 வயது தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். வெளுத்துத் தெரிந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். அடுத்த பரிசோதனையில்தான் உறுதியாகும்.