இளஞ்சூட்டுப் பற்றாசு

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் முதலிற் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, அதன்பின்னரே வெள்ளீயத்தைத் துணியால் ஓட்டுவர். நவச்சாரம் உலோகத்திற் படிந்த களிம்பை அகற்றுகிறது. களிம்பு உள்ள இடத்தில் ஈயம் பற்றாது. உலோகங்களைப் பற்றாசு வைத்து இணைக்கும் கலைக்கு இதுவே முதற்பாடம்.

இக்கலை மிக நுண்ணிதாக வேண்டப்படும் இடங்களுள் மாதிரிப் புகையிரதம் அமைத்தலும் ஒன்று. நெடுங்கேணிக்கு இருப்புப்பாதை இல்லை. புளியங்குளத்துக்குச் சென்றே புகையிரதத்தைக் காணவேண்டும். அப்பாதையிலும் வவுனியாவுக்கு வடக்கே 1990 ஆம் ஆண்டில் சேவை நின்றது. கிளிநொச்சிக்கு 2013 ஆம் ஆண்டிலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஆம் ஆண்டிலுமே அது மீண்டது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் வளர்ந்த பிள்ளைகள் பலர் புகையிரதத்தைப் படத்தில் மட்டுமே கண்டனர். அத்தகைய ஊரில் மாதிரிப் புகையிரதம் வெறும் விளையாட்டுப் பொருளன்று.

இங்கிலாந்து முதலிய நாடுகளில் இம்மாதிரிகளின் உறுப்புக்கள் தனித்தனியே வார்க்கப்பட்டு, தொகுதியாக விற்கப்படுகின்றன. அவற்றுட் பல, வெள்ளீயம் சேர்ந்த வெண்ணுலோகத்தால் ஆனவை. இடர் இங்கேதான் தோன்றுகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த சாதாரணப் பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். அதனை உருக்குதற்குரிய சூட்டுக்கோலோ பெரும்பாலும் 300 பாகைக்கு மேற் சுடும். வெண்ணுலோகம் அதற்கு வெகு கீழேயே இளகிவிடும். கடல் கடந்து வந்த உறுப்பொன்று கணப்பொழுதில் உருகிப் போனால், அதற்கு ஈடு கிடைப்பது அரிது.

இதற்குத் தீர்வு தருவது பிசுமது என்னும் உலோகம். அது தனித்து 271 பாகையில் உருகும். காரீயம் 327 பாகையிலும், வெள்ளீயம் 232 பாகையிலும், கதுமியம் 321 பாகையிலும் உருகும். இந்நான்கையும் தக்க அளவிற் கலந்தால், கலவை ஏறத்தாழ 70 பாகையிலேயே உருகுகிறது. பருமன் வேறுபட்ட அணுக்கள் ஒழுங்காக அடுங்கித் திண்மமாதல் எளிதன்று. ஆதலின் திரவநிலை கீழ்ச்சூட்டிலும் நீடிக்கிறது.

இப்பற்றாசு பித்தளையில் நேரே நன்கு பற்றாது. பித்தளையில் முதலிற் சாதாரணப் பற்றாசை மெல்லிதாகப் பூசி ஆறவிட்டு, பின்னரே வெண்ணுலோகத்தை அதனுடன் இணைத்தல் வேண்டும். முதல் இணைப்புக்குக் கடும்பற்றாசும் அடுத்ததற்கு இளம்பற்றாசும் கொள்ளும் பொற்கொல்லர் முறை இதற்கு ஒப்பாகும். நவச்சாரத்தின் இடத்தில் இங்கே நீர்த்த பொசுபோரிக் அமிலம் பயன்படும். வேலை முடிந்ததும் அதனைக் கழுவிவிட வேண்டும். குங்கிலியம் இவ்விளஞ்சூட்டிற் செயற்படாது.

இணைப்புப் பிழைத்தால் கொதிநீரில் இட்டாற் போதும். உறுப்புக்கள் சேதமின்றிக் கழன்றுவிடும். பாரம் தாங்க வேண்டிய இடத்துக்கு இப்பற்றாசு உதவாது. மாதிரிக்கு இதன் வலிமை போதும்.

ஒன்றை மறத்தலாகாது. காரீயமும் கதுமியமும் நச்சுடையன. அளவுக்கு மீறிச் சூடாக்காது, காற்றோட்டமான இடத்தில் வேலைசெய்து, உணவைத் தொடுமுன் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும். கதுமியம் சேராத கலவையும் உண்டு. அது ஏறத்தாழ 95 பாகையில் உருகும். மாணவர் கைக்கு அதுவே ஏற்றது. ஆயினும் அதிலும் காரீயம் உண்டாதலால், பெரியோர் ஒருவர் அருகில் இருத்தல் நன்று.