பஸ் பிரயாணத்தில் பெண்ணின் கணக்கு

சென்னை வியாசர்பாடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். கணவன் காலையில் ஒரு பஸ் ஏறிப் பாரிமுனையில் இறங்கிக் கடைக்குப் போய், இரவு அதே வழியாகத் திரும்பிவிடுகிறான். மனைவியோ குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மாமியாரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, பிறகு புரசைவாக்கத்தில் தான் வேலை செய்யும் வீடுகளுக்குப் போய், வரும் வழியில் காய்கறி வாங்கிச் சுமந்துகொண்டு அந்தி சாயும் வேளையில் வீடு சேருகிறாள்.

ஓர் இடத்தில் முடியாமல் இப்படிக் கண்ணி கண்ணியாக நீளும் பிரயாணங்களில் பெரும்பகுதி, உலகின் பல நகரங்களிலும் ஸ்திரீகளுடையதாகவே இருக்கிறது. பிறரைப் பராமரிக்கும் பொருட்டு மேற்கொள்ளும் இப்பிரயாணங்களைத் தனி வகையாகவே கணக்கிட வேண்டுமென்று ஸ்பெயின் தேசத்து நகரமைப்புப் பேராசிரியை இனெஸ் சான்செஸ் தெ மதாரியாகா வற்புறுத்தி வந்திருக்கிறார். நம் தேசத்தின் 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்போ, எவ்வளவு தூரம், எந்த வாகனத்தில் என்று விசாரித்தது வேலைக்குச் செல்லும் வழியைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியும் சந்தையும் அக்கேள்விக்குள் வரவில்லை.

கணக்கில் வராத பிரயாணத்துக்கும் காசு மட்டும் தவறாமல் கொடுக்க வேண்டியிருந்தது. ஏறும் பஸ்ஸுக்கெல்லாம் தனித்தனியே டிக்கெட் எடுக்கும் முறையில், சம்பாத்தியம் குறைவாகவும் ஏறி இறங்குவது அதிகமாகவும் உள்ளவளே பெரும் பாரத்தைச் சுமந்தாள். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் ரத்தானபோது, இடையில் இறங்கி மீண்டும் ஏறுவதற்கு இருந்த தடை அகன்றது. பெண்கள் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிப்பதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. எளிய இல்லத்தில் அது பல நாள் பாலுக்கும் காய்கறிக்கும் ஆகும் தொகை.

ஆயினும் கட்டணம் பாதி விஷயமே. ஆபீஸ் நேரத்தை அநுசரித்து வகுத்த கால அட்டவணையில் நடுப்பகலில் பஸ்கள் குறைந்துவிட, இலவசமாக ஏறக்கூடிய ‘வெள்ளை போர்டு’ வரும்வரை கைக்குழந்தையோடு வெயிலில் நிற்பவளுக்கு, அந்த அரைமணி நேரமே கட்டணமாகிவிடுகிறது. நிறுத்தத்தில் விளக்கில்லாவிட்டால் மாலைப் பிரயாணத்தையே அவள் கைவிடுகிறாள். ஆகையால், எந்த வழித்தடத்தில் எத்தனை பஸ் என்று தீர்மானிக்கிறவர்கள், காலை ஒன்பது மணிக் கூட்டத்தை எண்ணுவதோடு நில்லாமல், பகல் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவளிடம் அடுத்து எங்கே போக வேண்டுமென்று கேட்டறிந்து, அந்தப் பதிலையும் அட்டவணையில் எழுத வேண்டும்.