பட்டம் பெற்றாயிற்று; அடுத்து என்ன?

பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்து, மூன்றாண்டுகளாகக் கல்லூரிக்குச் சென்று வந்த மகனோ மகளோ வீட்டில் வந்து அமர்ந்ததும் எல்லா இல்லங்களிலும் ஒரே கேள்வி எழுகின்றது. மேலே படிப்பதா, வேலை தேடுவதா? இக்கேள்விக்குப் பல குடும்பங்கள் ஒரே இரவில் விடை கண்டு விடுகின்றன. தோழி எம்.எஸ்ஸி. சேர்ந்தாள் என்பதற்காக ஒருத்தி சேர்கிறாள். மாமா விசா அனுப்புகிறார் என்பதற்காக ஒருவன் வளைகுடாவிற்குப் புறப்படுகிறான். இளமையின் ஈராண்டுகளும், வாப்பாவின் சேமிப்பும் சேர்ந்திருக்கின்ற இம்முடிவை அமைதியாக எண்ணிப் பார்த்தல்லவா எடுக்க வேண்டும்?

எந்தப் பணிக்கு எந்தப் பட்டம்?

வாசகர்களே! இளங்கலைப் பட்டமே போதுமான பணிகள் நிறைய உள்ளன என்பதை முதலில் நினைவிற் கொள்ளுங்கள். இந்திய ஆட்சிப் பணி உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வுகளை எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். வங்கி அதிகாரிகளுக்கான பொதுத் தேர்வுகளும் அத்தகையனவே. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளிலும் பெரும்பாலான பதவிகளுக்கு இளங்கலையே தகுதி. முதுகலை பெற்றவர் என்பதற்காக இத்தேர்வுகளில் தனி மதிப்பெண் வழங்கப்படுவதில்லை. இவையே உங்கள் குறிக்கோள் என்றால், வகுப்பறையில் கழிக்க இருக்கும் ஈராண்டுகளைத் தேர்வுப் பயிற்சிக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

ஆசிரியப் பணியை நாடுவோர் வேறு கணக்குப் போட வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் பட்டதாரி ஆசிரியருக்கு இளங்கலையும் பி.எட். பட்டமும் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றியும் வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த முதுகலையும் பி.எட். பட்டமும் தேவை. பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டு ஆகிவிட்டது. ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு நான்கு ஆண்டுகள் பிடிக்கும். இருபத்தொரு வயதில் பட்டம் பெற்றவர் இருபத்தைந்தில்தான் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். குடும்பம் அதுவரை தாங்குமா என்று பாருங்கள். தாங்காது எனில், பி.எட். முடித்து ஒரு பள்ளியில் சேர்ந்துகொண்டு, தொலைநிலைக் கல்வி வழியே முதுகலையைப் பெறலாம்.

கல்லூரி விரிவுரையாளராக வர முதுகலை இன்றியமையாதது. அதில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு), அதற்கு மேல் நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். எம்.ஃபில். படித்தால் போதும் என்று இன்னமும் சிலர் அறிவுரை கூறுகின்றனர். 2022-இல் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அப்படிப்பையே நிறுத்திவிட்டன. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுவோருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை 2023 முதல் வழங்கப்படுகிறது. ஆய்வில் மெய்யான நாட்டமுள்ள ஏழை மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு.

பொறியியல் பட்டதாரிகள் கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பெற வழியுண்டு. கணினி பயின்றோருக்கான எம்.சி.ஏ. படிப்பு 2020 முதல் மூன்றாண்டிலிருந்து ஈராண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது.

பெண் மக்களின் நிலை

அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியருக்காக 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலை முடியும் வரையே கிடைக்கும். முதுகலைச் செலவு முழுவதும் குடும்பத்தின் தோளில் விழுகிறது. அதே வேளையில் நிக்காஹ் பேச்சும் தொடங்கிவிடுகிறது. 'படித்தது போதும்' என்ற ஒரு சொல்லில் எத்தனை பெண்களின் எதிர்காலம் முடிந்துபோகிறது!

பெற்றோரே, மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் படிக்க விரும்பினால், அதனை மாப்பிள்ளை வீட்டாரிடம் மணப்பேச்சின்போதே தெளிவாகக் கூறிவிடுங்கள். மணமான பின் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாய்மொழி பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. கல்லூரிக்குச் செல்ல இயலாத சூழலிலும் கதவு அடைபட்டு விடவில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியுள்ளது. அங்கீகாரம் உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் உறுதி செய்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை என்ற வரிசையில் படிக்காமல் பெற்ற பட்டங்கள் தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கடல் கடக்கும் முன்

வெளிநாடு செல்லும் இளைஞர்களுக்கு ஒன்று கூற வேண்டும். நிலுவைத் தாள்களை எழுதி முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். இரண்டு தாள்கள் மீதமிருக்கப் புறப்பட்டவர் பட்டதாரியும் அல்லர். மூன்றாண்டு உழைப்பு அந்த இரண்டு தாள்களில் சிக்கிக் கிடக்கும். விடுமுறையும் தேர்வுத் தேதியும் ஒத்து வருவதும் அரிது. பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் கையில் பெற்று, உரிய சான்றொப்பமும் வாங்கிய பின்னர் புறப்படுங்கள்.

முடிவெடுக்கும் நாளில் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். விரும்பும் பணிக்கு முதுகலை கட்டாயமா? அப்பாடத்தில் உள்ளபடியே ஆர்வம் உண்டா? ஈராண்டுச் செலவைக் கடன்படாமல் தாங்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' எனில் தயங்காமல் சேருங்கள். முதலிரண்டிற்கு 'ஆம்', மூன்றாவதற்கு 'இல்லை' எனில், உதவித்தொகையையோ தொலைநிலைக் கல்வியையோ நாடுங்கள். முதல் இரண்டுமே 'இல்லை' என்றால், வேலை கிடைக்கும் வரை பொழுது போக்குவதற்காக ஒரு பட்டத்தைத் தேடாதீர்கள். ஒரு தொழிலைக் கற்கவோ, ஒரு போட்டித் தேர்வில் வெல்லவோ அந்த ஈராண்டுகள் போதுமானவை.